லாகின் திரையில் வாங்கிய பாஸ்வேர்டை மற்ற மாட்யூல்களுக்கு எப்படிக் கொண்டுபோவது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி: ஜாவா ஸ்விங்கில் எழுதிய ஒரு பில்லிங் மென்பொருள், பின்னால் மைஎஸ்க்யூஎல். லாகின் திரையில் யூசர்நேமும் பாஸ்வேர்டும் வாங்குகிறீர்கள். பில், ஸ்டாக், ரிப்போர்ட் என மூன்று மாட்யூல்கள். மூன்றும் டேட்டாபேஸைத் தொட வேண்டும். அந்த இரண்டு மதிப்புகளையும் ஸ்டேட்டிக் வேரியபிளில் வைப்பதா, ஒவ்வொரு திரையின் கன்ஸ்ட்ரக்டருக்கும் கைமாற்றிக்கொண்டே போவதா, ஒரு ப்ராப்பர்டீஸ் ஃபைலில் எழுதி எல்லா மாட்யூலும் படித்துக்கொள்ளட்டும் என்று விடுவதா? மூன்றும் ஓடத்தான் செய்யும். ஆனால் இதற்குள் இரண்டு கேள்விகள் பின்னிக்கிடக்கின்றன. மற்ற மாட்யூல்கள் டேட்டாபேஸுக்குள் எப்படி நுழைவது என்பது ஒன்று. இப்போது கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவர் யார் என்று அவற்றுக்கு எப்படித் தெரிவது என்பது இன்னொன்று. இரண்டுக்குமே அந்த மாட்யூல்களின் கையில் பாஸ்வேர்ட் இருக்க வேண்டியதில்லை. பாஸ்வேர்ட் லாகின் திரையோடு முடிந்துவிட வேண்டும். அதைக் கொடுத்துப் பெற்ற இரண்டு பொருள்கள்தான் உள்ளே போக வேண்டும்.

முதலில் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்: திரையில் தட்டுவது எதனுடைய பாஸ்வேர்ட்? தட்டியது நேராக, டேட்டாபேஸ் இணைப்பைத் திறக்கும் டிரைவர்மேனேஜரின் கெட்கனெக்ஷனுக்குப் போகிறது என்றால், ஒவ்வொரு ஊழியருக்கும் மைஎஸ்க்யூஎல்லிலேயே தனிக் கணக்கு இருக்கிறது. அப்படி இல்லாமல் ஒரு பொதுக் கணக்கால் இணைந்து, யூசர்ஸ் டேபிளில் தேடி ஒப்பிடுகிறீர்கள் என்றால், தட்டுவது உங்கள் மென்பொருளின் பாஸ்வேர்ட். டேட்டாபேஸின் பாஸ்வேர்ட் வேறெங்கோ இருக்கிறது. இந்த இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. கேள்வியில் எந்த வகை என்று நீங்கள் சொல்லவில்லை. அதனால் இரண்டுக்கும் பொதுவானதை முதலில் சொல்லி, பிரிய வேண்டிய இடத்தில் பிரிக்கிறேன்.

நுழைவதற்கான பொருள் டேட்டாசோர்ஸ். ஜாவா 1.4 முதல் அடிப்படை நூலகத்திலேயே இருக்கும் இன்டர்ஃபேஸ் இது. ஹிகாரிசிபி போன்ற ஒரு கனெக்ஷன் பூல், அதாவது திறந்த கனெக்ஷன்களைச் சேர்த்துவைத்துக் கேட்கும்போது தரும் நூலகம், இதை நிறைவேற்றித் தருகிறது. லாகின் நடக்கும் இடத்தில் ஒரே ஒரு முறை யூஆர்எல், யூசர், பாஸ்வேர்ட் மூன்றையும் பூலுக்குக் கொடுத்து டேட்டாசோர்ஸ் ஆப்ஜெக்ட்டை உருவாக்குங்கள். அதன்பின் பில் மாட்யூலுக்குத் தெரிய வேண்டியது "இதனிடம் கேட்டால் கனெக்ஷன் தரும்" என்பது மட்டும். எந்தச் சர்வர், எந்தக் கணக்கு என்பது அதற்குத் தெரியவே கூடாது. நாளை டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மாற்றினாலும் மூன்று மாட்யூலிலும் ஒரு வரிகூட மாறாது. வாங்கிய கனெக்ஷனை ஜாவா 7 முதல் இருக்கும் ட்ரை-வித்-ரிசோர்சஸ் அமைப்புக்குள் மட்டும் பயன்படுத்துங்கள். அங்கே குளோஸ் என்பது கனெக்ஷனை அறுப்பதில்லை, பூலுக்குத் திருப்பித் தருகிறது. திருப்பித் தராமல் விட்டால் பூல் வற்றி, எங்கோ சம்பந்தமில்லாத ஒரு திரை காத்துக்கொண்டே நிற்கும். எது திருப்பவில்லை என்று கண்டுபிடிக்க ஹிகாரியின் லீக்டிடெக்ஷன்த்ரெஷோல்ட் அமைப்பை 2000 மில்லிசெகண்டோ அதற்கு மேலோ வைத்தால், கனெக்ஷனை வாங்கிய இடத்தின் ஸ்டாக் டிரேஸை அதுவே லாகில் எழுதும்.

டெஸ்க்டாப் மென்பொருளில் பூல் அளவைக் கண்டிப்பாக மாற்றுங்கள். ஹிகாரியின் இயல்பான அதிகபட்சம் 10. சும்மா இருக்கும்போதும் அந்தப் பத்தையும் திறந்தே வைத்திருக்கும். மைஎஸ்க்யூஎல் இயல்பாக அனுமதிப்பது 151 கனெக்ஷன்கள். 15 கணினிகளில் மென்பொருள் ஓடினால் 150 போய்விடும். 16ஆவது கணினிக்கு மிஞ்சுவது ஒன்றுதான், அதற்கு மேல் கேட்டால் "டூ மெனி கனெக்ஷன்ஸ்" என்று வரும். ஒரு கணினியில் ஒருவர் மட்டும் வேலை பார்க்கும் இடத்தில் 2 அல்லது 3 போதும். கனெக்ஷனுக்காகக் காத்திருக்கும் நேரமும் இயல்பாக 30 விநாடி. கவுண்டரில் வாடிக்கையாளர் நிற்கும்போது அது மிக நீளம். 5 விநாடிக்குக் குறைத்து, கிடைக்காவிட்டால் தெளிவான செய்தி காட்டுங்கள்.

பூலெல்லாம் எதற்கு, லாகினில் திறந்த ஒரே கனெக்ஷனை ஸ்டேட்டிக்காக வைத்து எல்லோரும் பயன்படுத்தினால் என்ன என்று தோன்றும். இணையத்தில் கிடைக்கும் மாதிரிக் கோடுகளில் பாதி அப்படித்தான் இருக்கிறது. இதில் சந்தேகத்துக்கே இடமில்லை, வேண்டாம். முதல் காரணம் எளிது: மைஎஸ்க்யூஎல்லின் வெயிட்_டைம்அவுட் இயல்பாக 28800 விநாடி, அதாவது 8 மணி நேரம். இரவு கடையை மூடும்போது மென்பொருளைத் திறந்தபடியே விட்டுப் போனால், காலையில் போடும் முதல் பில்லே "கம்யூனிகேஷன்ஸ் லிங்க் ஃபெயிலியர்" என்று விழும். இது எல்லோருக்கும் தெரிந்துவிடும், அதனால் ஆபத்து குறைவு. இரண்டாவது காரணம்தான் கொடியது, ஏனென்றால் அது சத்தமே போடாது. பில் மாட்யூல், எழுதியதை உடனுக்குடன் நிரந்தரமாக்கும் ஆட்டோகமிட்டை அணைத்துவிட்டு, பில் தலைப்பு வரிசையை எழுதுகிறது. பிறகு ஐந்து பொருள்களில் மூன்றை எழுதியிருக்கிறது. அந்த நேரத்தில் பின்னணி த்ரெட் ஒன்றில் ஸ்டாக் மாட்யூல் தன் கணக்கைச் சரிசெய்து அதே கனெக்ஷனில் கமிட் செய்கிறது. கமிட் என்பது மாட்யூலுக்கு உரியதல்ல, கனெக்ஷனுக்கு உரியது. அதனால் பாதிப் பில்லும் சேர்ந்தே நிரந்தரமாகிவிடும். நான்காவது பொருளில் பிழை வந்து பில் மாட்யூல் ரோல்பேக் செய்தாலும், அதாவது எழுதியதைத் திரும்பப் பெற்றாலும், முதல் மூன்று பொருள்கள் போகாது. மாத முடிவில் பில் தொகையும் பொருள்களின் கூட்டுத்தொகையும் ஒத்துவராமல் நிற்கும்போது, யாரும் இதைத் தேடி இங்கே வரமாட்டார்கள்.

இனி இரண்டாவது பொருள்: ஆள் யார் என்பது. இதற்கு ஒரு சிறிய கிளாஸ் போதும். யூசர்செஷன் என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். யூசர் ஐடி, திரையில் காட்ட ஒரு பெயர், அனுமதிகளின் தொகுப்பு, உள்ளே வந்த நேரம். இவ்வளவுதான். எல்லாப் புலங்களும் ஃபைனல். செட்டர் ஒன்றுகூட வேண்டாம். இல்லாவிட்டால் எங்கோ ஒரு திரை தெரியாமல் அனுமதியை மாற்றிவிடும். ஜாவா 16 முதல் இதற்கு, மதிப்புகளைத் தாங்குவதற்கென்றே உள்ள ரெக்கார்ட் என்ற கிளாஸ் வகை பொருத்தமாக இருக்கிறது, ஒரு எச்சரிக்கையோடு: ரெக்கார்ட் தானாக உருவாக்கும் டூஸ்ட்ரிங் எல்லாப் புலங்களையும் அப்படியே எழுதும். உள்ளே பாஸ்வேர்ட் என்று ஒரு புலம் இருந்தால், யாரோ ஒருவர் பிழை தேடுவதற்காக அந்த ஆப்ஜெக்ட்டை லாகில் அச்சிட்ட நாளில் பாஸ்வேர்டும் லாக் ஃபைலில் எழுத்துக்கு எழுத்து உட்கார்ந்திருக்கும். பிறகு அந்த ஃபைல் சப்போர்ட்டுக்கு ஈமெயிலில் போகும்.

டேட்டாசோர்ஸ், யூசர்செஷன் இரண்டையும் மாட்யூல்களுக்கு எப்படித் தருவது? கன்ஸ்ட்ரக்டர் வழியாகத் தாருங்கள் என்பது என் தீர்மானமான பரிந்துரை. நீங்கள் தயங்கிய அதே வழிதான், ஆனால் அங்கே இரண்டு ஸ்ட்ரிங்குகளைக் கைமாற்றினீர்கள்; இங்கே போவது வேலை செய்யும் பொருள்கள். லாகின் முடிந்ததும் ஒரே இடத்தில் பில்சர்வீஸ், ஸ்டாக்சர்வீஸ், ரிப்போர்ட்சர்வீஸ் மூன்றையும் உருவாக்கி, அவற்றுக்கு இந்த இரண்டையும் கொடுத்து, திரைகளுக்கு அந்தச் சர்வீஸ்களை மட்டும் கொடுங்கள். பத்துத் திரைகளின் கன்ஸ்ட்ரக்டர்களும் நீளாது. ஸ்டேட்டிக் ஹோல்டர் ஒன்றில் வைத்தால் தப்பா என்றால், ஒரு கணினியில் ஒருவர் மட்டும் இயக்கும் டெஸ்க்டாப் மென்பொருளில் அது ஓடும், பெரிய கேடும் இல்லை. சிரமம் பிறகு வரும்: லாகவுட் செய்து வேறொருவர் உள்ளே வரும்போது பழைய திரை ஒன்று பழைய மதிப்பைப் பிடித்துக்கொண்டிருக்கும், டெஸ்ட் எழுதும்போது ஒரு டெஸ்ட்டின் மிச்சம் அடுத்ததில் ஒட்டிக்கொள்ளும். இது கருத்துதான், சட்டம் அல்ல.

கிளாஸ்களை எங்கே வைப்பது என்பதில் மட்டும் கருத்துக்கு இடமில்லை. யூசர்செஷனை லாகின் மாட்யூலுக்குள் வைத்தால் பில் மாட்யூல் லாகின் மாட்யூலைச் சார்ந்திருக்க வேண்டும். லாகின் முடிந்ததும் பில் திரையைத் திறக்க லாகின் மாட்யூல் பில் மாட்யூலைச் சார்ந்திருக்க வேண்டும். இந்தச் சுழலை, மாட்யூல்களைக் கம்பைல் செய்து கோக்கும் கருவியான மேவனும் ஏற்காது, 2017இல் ஜாவா 9 கொண்டுவந்த மாட்யூல் அமைப்பும் கம்பைல் செய்யும்போதே மறுத்துவிடும். எனவே எதையும் சாராத "பொது" மாட்யூல் ஒன்று, அதில் யூசர்செஷன். அதைச் சார்ந்து பில், ஸ்டாக், ரிப்போர்ட், லாகின். எல்லாவற்றையும் கோக்கும் "தொடக்க" மாட்யூல் உச்சியில். மெயின் மெத்தட் அங்கே. ஜாவா மாட்யூல் கோப்பு எழுதுகிறீர்கள் என்றால், டேட்டாசோர்ஸைத் தொடும் மாட்யூல்களில் ஜாவா.எஸ்க்யூஎல்லுக்கு ரிக்வயர்ஸ் வரி இல்லாவிட்டால் அந்த இன்டர்ஃபேஸே கண்ணில் படாது.

இப்போது வகை பிரிகிறது. ஊழியர் ஒவ்வொருவருக்கும் மைஎஸ்க்யூஎல் கணக்கு இருக்கும் முறை என்றால், லாகின் திரை செய்ய வேண்டியது தட்டிய இரண்டையும் வைத்துப் பூலைத் தொடங்கிப் பார்ப்பதுதான். தொடங்கினால் லாகின் வெற்றி. தொடங்காவிட்டால், சர்வர் கிடைக்கவில்லையா, பாஸ்வேர்ட் தவறா என்பதை எஸ்க்யூஎல்எக்ஸெப்ஷனின் எண்ணை வைத்துப் பிரித்துக் காட்டுங்கள். பாஸ்வேர்ட் தவறு என்றால் மைஎஸ்க்யூஎல் தருவது 1045. லாகவுட்டில் பூலை குளோஸ் செய்வது கட்டாயம், இல்லாவிட்டால் அடுத்த ஆள் முந்தைய ஆளின் கணக்கில் எழுதுவார். அனுமதிகளை மைஎஸ்க்யூஎல் 8 தரும் ரோல்கள் வழியாகக் கொடுத்தால் ஒன்றைக் கவனியுங்கள்: ரோலை கிராண்ட் செய்தது மட்டும் போதாது, செட் டிஃபால்ட் ரோல் கட்டளையையும் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பாஸ்வேர்ட் சரியாக இருந்தும் அனுமதி மறுக்கப்படும். கோடில் தவறு இருப்பதாக நினைத்து மணிக்கணக்கில் தேடுவீர்கள்.

யூசர்ஸ் டேபிள் முறை என்றால் வேலை கொஞ்சம் கூடுதல். தேடும் கேள்வி கட்டாயம் ப்ரிப்பேர்டு ஸ்டேட்மென்டாக இருக்க வேண்டும். யூசர்நேமை ஒட்டித் தைத்த எஸ்க்யூஎல்லில் ஒரு மேற்கோள் குறியும் "ஆர் 1=1" போன்ற சில எழுத்துகளும் போதும், பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே வந்துவிடலாம். டேபிளில் பாஸ்வேர்டை அப்படியே வைக்காதீர்கள். எம்டி5, எஸ்எச்ஏ-256 என்று ஒரே ஒரு சுற்று ஹாஷும் (திருப்ப முடியாத சுருக்கம்) வேண்டாம், அவை வேகமாக ஓடுவதற்காகச் செய்யப்பட்டவை, திருடனுக்கும் அதே வேகம் கிடைக்கும். வெளி நூலகம் எதுவும் வேண்டாம் என்றால் ஜாவா 8 முதல் உள்ளேயே இருக்கும் பிபிகேடிஎஃப்2 போதும்: எச்மேக் எஸ்எச்ஏ-256உடன், மென்பொருள் பாதுகாப்பு அமைப்பான ஓவாஸ்ப் பரிந்துரைக்கும் 6,00,000 சுற்றுகள், செக்யூர்ரேண்டம் தந்த 16 பைட் சால்ட் (பாஸ்வேர்டோடு கலக்கும் தற்செயல் பைட்டுகள்), 256 பிட் விளைவு. ஆளுக்கு ஒரு சால்ட். சுற்று எண்ணிக்கையையும் அந்த வரிசையிலேயே எழுதிவையுங்கள். பின்னால் கூட்டும்போது பழைய ஆள்களின் பாஸ்வேர்ட் செல்லாமல் போகாது. ஒப்பிடுவதற்கு மெசேஜ்டைஜஸ்டின் இஸ்ஈக்வல். இவ்வளவு சுற்றுகள் ஓடும் நேரத்துக்குத் திரை உறைந்து நிற்கும் என்பதால் இதைப் பின்னணி த்ரெட்டில் வேலை செய்யும் ஸ்விங்வொர்க்கரில் ஓட்டுங்கள்.

ஜேபாஸ்வேர்ட்ஃபீல்டிலிருந்து கெட்பாஸ்வேர்ட் வழியாக எழுத்து வரிசையாக எடுங்கள்; அதன் கெட்டெக்ஸ்ட் ஜாவா 1.2 காலத்திலேயே கைவிடச் சொன்னது. காரணம், ஸ்ட்ரிங்கை அழிக்க முடியாது. குப்பை சேகரிப்பு வரும்வரை நினைவகத்தில் கிடக்கும், ஹீப் டம்ப் எடுத்தால் படிக்கலாம். எழுத்து வரிசையை வேலை முடிந்ததும் நிரப்பி அழித்துவிடலாம். பிபிகேடிஎஃப்2க்குக் கொடுக்கும் பிபிஇகீஸ்பெக் எழுத்து வரிசையையே வாங்கும், கிளியர்பாஸ்வேர்ட் என்ற மெத்தடும் அதற்கு உண்டு, அதனால் இந்த வழியில் நீங்கள் எங்குமே ஸ்ட்ரிங் உருவாக்க வேண்டியதில்லை. முதல் வகையில் இந்தப் பலன் பாதிதான்: ஜாவா டேட்டாபேஸோடு பேசும் வழியான ஜேடிபிசி பாஸ்வேர்டை ஸ்ட்ரிங்காகத்தான் கேட்கிறது, பூலும் புதுக் கனெக்ஷன் திறப்பதற்காக அதை வைத்தே இருக்கும். அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

டேட்டாபேஸின் பொதுப் பாஸ்வேர்டை எங்கே வைப்பது என்ற இடத்தில்தான் இந்த முறையின் எல்லை தெரிகிறது. கோடுக்குள் ஸ்டேட்டிக் ஃபைனல் ஸ்ட்ரிங்காக எழுதினால், ஜார் என்பது ஒரு ஜிப் ஃபைல்தான். அதைப் பிரித்து, ஜேடிகேயோடு வரும் ஜாவாப் கருவியை கான்ஸ்டன்ட்ஸ் என்ற தேர்வோடு ஓட்டினால் பாஸ்வேர்ட் தனி வரியாக வந்து நிற்கும், டீகம்பைலர்கூட வேண்டாம். ப்ராப்பர்டீஸ் ஃபைலில் வைத்தால் ஜாரைப் பிரிக்கும் வேலையும் மிச்சம். அதைக் குறியாக்கி வைத்தால், திறக்கும் சாவி அதே கணினியில் இருந்தாக வேண்டும். நேரடியாக டேட்டாபேஸோடு பேசும் டெஸ்க்டாப் மென்பொருளில், அந்தக் கணினியை முழுமையாக ஆளும் ஒருவரிடமிருந்து டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மறைக்க வழியே இல்லை. செய்யக்கூடியது சேதத்தைக் குறைப்பது: அந்தக் கணக்குக்குத் தேவையான டேபிள்களில் தேவையான அனுமதி மட்டும்; டிராப், கிராண்ட் எதுவும் வேண்டாம்; கடையின் உள் நெட்வொர்க்கிலிருந்து மட்டும் இணையும்படி கட்டுப்பாடு. பொத்தானை மறைப்பதும் சர்வீஸுக்குள் அனுமதியைச் சோதிப்பதும் தவறுதலான பயன்பாட்டைத் தடுக்கும். பாஸ்வேர்டை எடுத்துத் தனியாக இணைபவரைத் தடுக்காது. அந்த அளவு பாதுகாப்பு வேண்டும் என்றால் நடுவில் ஒரு சர்வர் வைத்து, டேட்டாபேஸ் பாஸ்வேர்டை அங்கே மட்டும் வைப்பதுதான் தீர்வு. இரண்டு கணினி உள்ள கடைக்கு அது அதிகம் என்று நான் நினைக்கிறேன். இருபது கிளைகள் என்றால் அதைத் தவிர வேறு வழி சொல்லமாட்டேன். எங்கே வைத்தாலும் அந்த ஃபைலை, கோடின் வரலாற்றைக் காக்கும் கருவியான கிட்டில் சேர்க்காதீர்கள், ஏற்கெனவே சேர்ந்திருந்தால் நீக்குவது போதாது, வரலாற்றில் இருக்கும், பாஸ்வேர்டையே மாற்றுங்கள். ஜாவாவை இயக்கும் கட்டளை வரியில் பாஸ்வேர்டை மைனஸ் டி தேர்வாகக் கொடுத்து அனுப்புவதும் வேண்டாம், அதே கணினியில் பிராசஸ் பட்டியலைப் பார்ப்பவருக்கு அது தெரியும்.

நாளை இதையே வெப் மென்பொருளாக மாற்றும் எண்ணம் இருந்தால், ஸ்டேட்டிக்கில் ஆள் விவரம் வைப்பது அங்கே நேரடித் தவறு: எல்லோருக்கும் ஒரே ஜேவிஎம், கடைசியாக லாகின் செய்தவர் பெயரில் எல்லோருடைய பில்லும் பதிவாகும். ஒருவர் மட்டும் சோதிக்கும்போது இது தெரியவே தெரியாது. அதனால் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனி மதிப்பு வைக்கும் த்ரெட்லோக்கலில் வைப்பார்கள், ஆனால் வெப் சர்வரான டாம்கேட் த்ரெட்களை மறுபடி பயன்படுத்துவதால், ஒவ்வொரு கோரிக்கையின் முடிவிலும் ஃபைனலியில் ரிமூவ் செய்யாவிட்டால் அடுத்தவருக்கு முந்தையவரின் அடையாளம் போய்ச்சேரும். டெஸ்க்டாப்பில் த்ரெட்லோக்கலை நம்பவேண்டாம்: லாகின் நடக்கும் த்ரெட் வேறு, ஸ்விங்வொர்க்கர் ஓடும் த்ரெட் வேறு, அங்கே மதிப்பு நல் என்றுதான் வரும்.

யார் எழுதிய பில் என்பது டேட்டாபேஸில் பதியவேண்டும் என்றால், யூசர்செஷனிலிருந்து ஐடியை எடுத்து இன்சர்ட்டில் ஒரு நெடுவரிசையாக அனுப்புவதே நேரான வழி. மைஎஸ்க்யூஎல் செஷன் வேரியபிளில் ஐடியை வைத்து, வரிசை எழுதும்போது தானாக ஓடும் ட்ரிக்கரில் படிக்கச் சொல்லும் யோசனை கிடைக்கும். கனெக்ஷன் பூலுக்குத் திரும்பும்போது ஆட்டோகமிட், ஐசொலேஷன் போன்றவற்றை ஹிகாரி பழைய நிலைக்குக் கொண்டுவரும். நீங்கள் வைத்த வேரியபிளைத் தொடாது. ஒவ்வொரு முறை வாங்கும்போதும் அதை மறுபடி எழுதாவிட்டால் அதே கனெக்ஷனை முன்பு வாங்கியவர் வைத்த மதிப்புதான் ட்ரிக்கருக்குப் போகும்.

மாற்றும்போது ஒரேயடியாக மாற்றவேண்டாம். முதலில் பூலையும் டேட்டாசோர்ஸையும் கொண்டுவந்து, ரிப்போர்ட் மாட்யூலை மட்டும் அதற்கு மாற்றுங்கள். அது படிக்க மட்டும் செய்வதால் பிழை வந்தாலும் கணக்கு கெடாது. பிறகு ஸ்டாக், கடைசியாகப் பில். முடிந்ததும் முழுக் கோடிலும் டிரைவர்மேனேஜர் என்ற சொல்லைத் தேடுங்கள், எங்குமே வரக்கூடாது. பாஸ்வேர்ட் என்ற சொல்லைத் தேடினால் லாகின் திரையிலும் பூலைத் தொடங்கும் இடத்திலும், டேபிள் முறை என்றால் ஹாஷ் செய்யும் கிளாஸிலும் மட்டும் வரவேண்டும். கடைசிச் சோதனை: மென்பொருளைத் திறந்து ஒரு பில்லைப் பாதி நிரப்பி நிறுத்துங்கள், மைஎஸ்க்யூஎல் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள், அரை நிமிடம் கழித்து பில்லைச் சேமியுங்கள். பூல் செத்த கனெக்ஷன்களைக் கண்டு தள்ளிவிட்டுப் புதியதைத் திறக்க வேண்டும், பில் சேமிக்கப்பட வேண்டும், யாரும் மறுபடி லாகின் செய்யத் தேவையிருக்கக் கூடாது. சேமிக்கவில்லை என்றால், ஏதோ ஒரு திரை இன்னும் கனெக்ஷனைத் தன் புலத்தில் பிடித்துவைத்திருக்கிறது; கனெக்ஷன் வகையில் புலம் அறிவித்திருக்கும் கிளாஸ்களைத் தேடினால் அது கிடைத்துவிடும்.